மேஸ்திரியும் மேயரும் ஒரே குடும்பம்

போன ஞாயித்துக்கிழமை சாயந்திரம் காப்பி போட்டு எடுத்துட்டு வந்து உக்காந்தா, எதிர்ல பையன் ஒரு பேப்பரை கையில வச்சுக்கிட்டு கண்ணை மூடிக்கிட்டு முணுமுணுன்னு ஏதோ ஒப்பிச்சுக்கிட்டு இருக்கான். உயர்நிலை ஒண்ணு போயிருக்கான் இந்த வருஷம். என்னடான்னு வாங்கி பார்த்தேன், டியூஷன்ல குடுத்த இங்கிலீஷ் வார்த்தை லிஸ்ட். மேக்னிஃபை, மேக்னிடியூட், மேக்னிஃபிசண்ட், மேக்னேட், மேக்னனிமஸ். ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல ஒரு வரி அர்த்தம். அஞ்சையும் அஞ்சு தனித்தனி மூட்டையா தலையில ஏத்திக்கிட்டு இருக்கான் பாவம், மேக்னேட்டுக்கு சொல்ற அர்த்தத்தை மேக்னிடியூட்டுக்கு சொல்லிட்டு திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கிறான்.

டேய், இந்த அஞ்சுலயும் முன்னாடி என்ன ஒரே மாதிரி இருக்குன்னு கேட்டேன். மேக்ன்-னு சொன்னான். அது என்ன தெரியுமான்னேன், தெரியலன்னான். உனக்கு தெரியும்டா, மகான்னா என்னன்னேன். மகாராஜா, மகாபாரதம், பெருசு அப்படின்னான். அதே தான்டா இதுன்னதும் என்னை ஒரு மாதிரி பார்த்தான். ரிமோட்டை தேடிக்கிட்டு இருந்த எங்கம்மாவும் பார்த்தாங்க. அம்மா ஊர்லேர்ந்து வந்து ஒரு மாசம் ஆச்சு, சிங்கப்பூர்ல எங்க வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டு 11வது மாடியிலேர்ந்து கீழ எம்ஆர்டி ரயில் போறத எண்ணிக்கிட்டு இருக்கறது தான் இப்போதைக்கு அவங்களுக்கு பொழுதுபோக்கு.

விஷயம் இது தான். லத்தீன்ல மேக்னுஸ்னா பெரிய. கிரேக்கத்துல மெகாஸ்னா பெரிய. சமஸ்கிருதத்துல மஹத், மஹா. மூணுமே ஒரே பழைய மூதாதை மொழியிலேர்ந்து பிரிஞ்சு போன அண்ணன் தம்பிங்க. அங்க க-வா இருக்கறது இங்க எப்படி ஹ-வா ஆச்சுன்னு பையன் நியாயமா கேட்டான். அதுக்கு நல்ல சாட்சி ஒண்ணு இருக்கு, லத்தீன்ல நான்-ங்கறதுக்கு ஈகோ, சமஸ்கிருதத்துல அஹம், அதுவும் ஒரே வார்த்தை தான், அதே க-வும் ஹ-வும். அதனால தான் உனக்கு என்ன ஈகோவான்னு கேக்கறதும் உனக்கு என்ன அகங்காரமான்னு கேக்கறதும் ஒரே அடியா விழுது. தமிழ் இந்த குடும்பம் இல்ல, நம்மது திராவிடம், நமக்கு பெரு, பெருமை, பெரியவர்னு தனி சொத்து இருக்கு. ஆனா மகாவை எப்பவோ கடன் வாங்கி நம்மதாவே ஆக்கிக்கிட்டோம். அதனால தமிழ் வீட்டு பிள்ளைக்கு அந்த லிஸ்ட்ல பாதி ஏற்கனவே தெரியும், தெரியும்னு தான் தெரியாது. (இதுல ஒரு வேடிக்கை, கிரேட்-ங்கற வார்த்தை இந்த குடும்பத்துலயே கிடையாது, அதோட பழைய அர்த்தம் தடியானது, முரடானதுங்கற மாதிரி.)

சரி, மேக்னனிமஸ்ல ஆரம்பிச்சேன், ஏன்னா அந்த லிஸ்ட்லயே எனக்கு புடிச்சது அது தான். மேக்னா பெரிய, அனிமுஸ் ஆன்மா, மனசு. பெரிய ஆன்மா உள்ளவன். இப்ப மகாத்மாவை பிரி. மகா, ஆத்மா. அப்படியே அச்சு! அனிமுஸும் ஆத்மாவும் சொந்தக்காரங்க இல்ல, ஆனா ரெண்டுக்கும் அடியில இருக்கற பழைய அர்த்தம் மூச்சு. ரோம்ல ஒருத்தன் பெரிய மூச்சுக்காரன்னு சொல்லியிருக்கான், இங்க ஒருத்தன் தனியா உக்காந்து அதையே சொல்லியிருக்கான். போதாததுக்கு நம்ம ஆளுங்க யார்கிட்டயும் கடன் வாங்காம பெருந்தன்மைன்னு ஒண்ணு வச்சிருக்காங்க. பெரிய தன்மை. மூணு மொழி மூணு இடத்துல நின்னுக்கிட்டு ஒரே திசையில கைய காட்டுற மாதிரி இருக்கு எனக்கு.

டியூஷன் பேப்பர்ல அதுக்கு எதிர்ல ஜெனரஸ்னு ஒத்த வார்த்தை போட்டிருந்தாங்க. அது எனக்கு ஆகல. தாராளமா குடுக்கறவன் எல்லாம் மேக்னனிமஸ் இல்ல. இதோட கிரேக்க மூலம் அரிஸ்டாட்டில் பயன்படுத்துன வார்த்தை, அவரு சொல்றது பெரிய விஷயங்களுக்கு தான் தகுதியானவன்னு நினைக்கிற ஆளு, சும்மா நினைப்பு இல்ல, நிஜமாவே தகுதி உள்ள ஆளு. கிட்டத்தட்ட ஒரு கம்பீரம். அது லத்தீன் வழியா வந்து இங்கிலீஷ்ல தேய்ஞ்சு தேய்ஞ்சு, ஜெயிச்சவன் தோத்தவன்கிட்ட கேவலமா நடந்துக்காம இருக்கறதுன்னு ஆயிடுச்சு. உன் கையில அடிக்கற பிரம்பு இருக்கணும், அடிக்க காரணமும் இருக்கணும், அப்பறம் நீ அடிக்காம விடணும், அப்ப தான் இந்த வார்த்தை பொருந்தும். பிரம்பே இல்லாதவன் மன்னிச்சேன்னு சொன்னா அதுக்கு வேற பேரு.

பையனுக்கு இது பாதி தான் ஏறுச்சு. அதனால எங்கப்பா கதையை சொன்னேன். எங்கப்பா கொத்தனாரா இருந்து மேஸ்திரி ஆனவரு, கும்பகோணம் பக்கம் எங்க ஊர்ல இன்னிக்கும் எங்க வீட்டுக்கு வழி கேட்டா மேஸ்திரி வீடான்னு தான் கேப்பாங்க. ஒரு தடவ ஒரு வீட்டு வேலையில புதுசா சேர்ந்த ஒரு பையன் தூக்குகுண்டு பிடிக்காம கண்ணாலயே பார்த்து அடிச்சுவிட்டான், இடுப்பு உயரத்துக்கு மேல போன செவுரு ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது. வீட்டுக்காரரு வந்து பார்த்துட்டு தாம்தூம்னு குதிக்கிறாரு, அவன் கூலியை பிடிங்கன்னு. அப்பா ஒண்ணும் பேசல, ரசமட்டத்தை வச்சு பார்த்தாரு, இடிங்கடான்னாரு, சாயந்திரத்துக்குள்ள அவரே கரண்டியை எடுத்து திரும்ப எழுப்புனாரு, செங்கல்லும் சிமெண்டும் என் கணக்குல எழுதிக்கங்கன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டாரு. அந்த பையனுக்கு சனிக்கிழமை முழு கூலி. அவனை ஒரு வார்த்தை கூட திட்டலையான்னா திட்டுனாரு, நல்லாவே திட்டுனாரு, வீட்டுக்காரரு கிளம்பி போனதுக்கு அப்பறம். இப்ப அந்த பையன் கீழ பத்து பேரு வேலை செய்யறாங்க. அது தான்டா மேக்னனிமஸ்னேன். பையன் பேப்பர்ல ஜெனரஸை அடிச்சுட்டு ஏதோ எழுதிக்கிட்டான்.

மேஸ்திரின்னு சொன்னதும் தான் எனக்கே ஞாபகம் வந்துச்சு, அந்த வார்த்தையே இந்த குடும்பம் தான்! லத்தீன்ல மஜிஸ்தர்னா மேல உள்ளவன், கூடுதலானவன், அதே பெரியங்கற வேர். அது போர்ச்சுகீசியத்துல மெஸ்த்ரே ஆச்சு, அவங்க கப்பல்ல நம்ம கரைக்கு வந்தப்ப சாவி, ஜன்னல், அலமாரி எல்லாம் குடுத்த மாதிரி இதையும் குடுத்தாங்க, நாம மேஸ்திரி ஆக்கிட்டோம். அதே மஜிஸ்தர் பிரான்ஸ் பக்கம் சுத்திட்டு இங்கிலீஷ்ல மாஸ்டர், அது தேய்ஞ்சு மிஸ்டர். இத்தாலி பக்கம் போனது மேஸ்ட்ரோ. கோர்ட்டுல உக்காந்தது மாஜிஸ்திரேட். பொம்பளை பக்கம் மிஸ்ட்ரஸ், அதை சுருக்கி மிஸ். ஆக ஸ்கூல்ல இவன் மிஸ் மிஸ்னு கூப்புடறதும், தேக்காவுல நாங்க பரோட்டா மாஸ்டரை கூப்புடறதும், ஊர்ல எங்கப்பாவை கூப்பிட்டதும் ஒரே வார்த்தை.

இதுக்கு எதிர்க்கட்சி ஒண்ணு இருக்கு, அது இன்னும் ஜோரு. மஜிஸ்தர் கூடுதலானவன்னா, மினிஸ்தர் குறைஞ்சவன். மைனஸ், மைனர்ல இருக்கற அதே மின். மினிஸ்தர்னா ரோம்ல வேலைக்காரன், எடுபிடி. அது தான் இன்னிக்கு மினிஸ்டர். அமைச்சர்னா வேர்ப்படி பார்த்தா சின்னவரு, மேஸ்திரி தான் பெரியவரு, எங்கப்பா இருந்திருந்தா இதை டீக்கடையில ஒரு வாரம் சொல்லிக்கிட்டு இருப்பாரு. நம்ம மந்திரி இந்த கணக்குல வராது, அது சமஸ்கிருத மந்திரம், ஆலோசனை பக்கம். ஆனா அதுக்கும் ஒரு பயணம் இருக்கு, மந்திரி மலாய்ல மென்தெரி ஆகி, போர்ச்சுகீசியக்காரன் வாயில மந்தரிம் ஆகி, சீன அதிகாரிங்களுக்கு பேராகி, அவங்க பேசுற பாஷைக்கும் பேராகி மாண்டரின்னு நிக்குது. எங்க மாடியில எதிர்வீட்டு சீன அங்கிள் பேசுறது நம்ம மந்திரி மொழி. இதை அவர்கிட்ட லிஃப்ட்ல ஒரு நாள் சொன்னேன், தலையாட்டிட்டு எட்டாவது மாடியில இறங்கிட்டாரு, அவரு இருக்கறது பதினொண்ணு.

மேயர் எங்கேர்ந்து வந்துச்சுன்னா, மேக்னுஸ் பெரிய, மையோர் அதைவிட பெரிய, மாக்சிமுஸ் எல்லாத்தையும் விட பெரிய. அந்த நடுவுல இருக்கற மையோர்லேர்ந்து வந்த இரட்டை பிள்ளைங்க மேஜரும் மேயரும். மேஜர் நேரா லத்தீன்லேர்ந்து வந்தது, மேயர் பிரெஞ்சு வாயில மென்னு தின்னு வந்தது. மெஜாரிட்டி, மெஜஸ்டி எல்லாம் அந்த பக்கம் தான். இங்க சிங்கப்பூர்ல மேயர் இருக்காங்களான்னு ஊர்லேர்ந்து வர்றவங்க கேப்பாங்க, இருக்காங்க, அஞ்சு வட்டாரத்துக்கு அஞ்சு பேரு, சமூக மேம்பாட்டு மன்றத்துக்கு தலைவரு. அந்த மன்றத்தோட இங்கிலீஷ் சுருக்கம் சிடிசி, சிடிசி பற்றுச்சீட்டுன்னு சொன்னா உடனே இங்க எல்லாருக்கும் புரியும்.

மெஜஸ்டியும் மகாராஜாவும் ஒரே வேர்ங்கறப்ப நம்ம பக்கத்துலயே ஒரு உதாரணம். பக்கத்து மலேசியாவுல இருக்கற ஜொகூர்ல ஆட்சி செஞ்ச அபுபக்கர் 1868ல மகாராஜான்னு பட்டம் வச்சுக்கிட்டாரு, 1885ல அதை சுல்தான்னு மாத்திக்கிட்டாரு. மலாய்ல மகா இன்னும் ரொம்ப உயிரோட இருக்கு. பல்கலைக்கழக மாணவனுக்கு மகாசிஸ்வா, அதாவது மகா சிஷ்யன். கீழ் மாடி மக்சிக் (மலாய் ஆன்ட்டி) பொண்ணு யூனிவர்சிட்டி சேர்ந்தப்ப அவங்க இந்த வார்த்தையை சொல்ல, எங்கம்மாவுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படல.

மேக்னிடியூட் தான் கொஞ்சம் குழப்பமான கேஸு. பெரிசுங்கற வேர்லேர்ந்து வந்துட்டு அது இப்ப வெறும் அளவு. மேக்னிடியூட் 2 நிலநடுக்கம்னா யாருக்கும் தெரியவே தெரியாது, அதுவும் மேக்னிடியூட் தான். 2004 டிசம்பர் 26 சுமத்ராவுல வந்தது 9.1. இந்த அளவுல ஒரு எண் ஏறுனா வெளிவர்ற சக்தி கிட்டத்தட்ட 32 மடங்கு, ரெண்டு எண் ஏறுனா ஆயிரம் மடங்கு, அதனால ஏழுக்கும் ஒம்பதுக்கும் ரெண்டு தானே வித்தியாசம்னு சொல்லக்கூடாது. வானத்துல இதே வார்த்தை தலைகீழ். நட்சத்திரத்துக்கு மேக்னிடியூட் 1னா பளிச்சுன்னு இருக்கறது, 6னா கண்ணை சுருக்கி பார்த்தா தெரியறது, எண் கூட கூட மங்கல், சூரியனுக்கு கிட்டத்தட்ட மைனஸ் 27. ஏன் இப்படின்னா பழங்காலத்துல நட்சத்திரங்களை முதல் தர பெரிசு, ரெண்டாம் தர பெரிசுன்னு ரேங்க் போட்டாங்க, கிளாஸ்ல ஃபர்ஸ்ட் ரேங்க் மாதிரி, அது அப்படியே எண்ணா ஒட்டிக்கிச்சு. அந்த ஆறு தரத்தோட பட்டியல் போட்டு வச்சது பழங்கால வானியல் அறிஞர் தாலமியோட புத்தகம், அதோட பேரு அல்மஜெஸ்ட். அல் அரபு, மஜெஸ்ட் கிரேக்கத்துல மெகிஸ்தே, மிகப்பெரியது. பட்டியல் போட்ட புத்தகத்தோட பேருக்குள்ளயும் நம்ம ஆளு ஒளிஞ்சுக்கிட்டு இருக்கான்.

சில சமயம் பெரியங்கறது வெறும் சைஸ் தான், அதுல மகிமை ஒண்ணும் இல்ல. மாக்னா கார்ட்டா, 1215ல ஜான் ராஜாகிட்ட பிரபுக்கள் மல்லுக்கட்டி வாங்குன சாசனம், பேரு கேட்டாலே நெஞ்சு நிமிருது இல்ல? ஆனா முதல்ல அதுக்கு அந்த பேரு இல்ல. 1217ல காடுகள் சம்பந்தமா தனியா ஒரு சின்ன சாசனம் போட்டாங்க, அதுலேர்ந்து பிரிச்சு சொல்றதுக்காக இதை பெரிய சாசனம்னாங்க, அவ்வளவு தான். பெரிய டப்பா, சின்ன டப்பா. எங்கம்மாவுக்கு இது உடனே புரிஞ்சுது, மாசி மகம் வருஷா வருஷம் வருது, 12 வருஷத்துக்கு ஒண்ணு வர்றது மகாமகம்னாங்க. ஒமேகாவும் அப்படித்தான், ஓ மெகா, பெரிய ஓ. ஓ மைக்ரான், சின்ன ஓ, அதாவது நம்ம எல்லாரையும் 2021 கடைசியில திரும்ப வீட்டுக்குள்ள யோசிக்க வச்ச ஓமிக்ரான். தமிழ்ல ஒ, ஓன்னு குறில் நெடில் இருக்கற மாதிரி அவங்களுக்கும் ரெண்டு ஓ.

மகிமைன்னு சொன்னேன்ல, அதுவும் தான். மேக்னிஃபைன்னா இப்ப பூதக்கண்ணாடி, போன்ல ரெண்டு விரலை வச்சு இழுக்கறது. பழைய இங்கிலீஷ் பைபிள்ல மேக்னிஃபைன்னா போற்றுறது. மரியாள் சொல்றதா லூக்காவுல ஒரு வரி வரும், என் ஆத்துமா கர்த்தரை மகிமைப்படுத்துகிறதுன்னு தமிழ்ல இருக்கும். மொழிபெயர்த்தவரு தெரிஞ்சு செஞ்சாரோ தெரியாம செஞ்சாரோ, அங்க மேக்ன் இருந்த இடத்துல இங்க மகி வந்து உக்காந்திருக்கு.

இவ்வளவும் சொன்னதும் பையனுக்கு கை அரிக்க ஆரம்பிச்சிடுச்சு. அப்ப மேக்னட்டும் தானேப்பான்னான். நானும் ஆமான்னுட்டேன், பெரிய இழுக்குற சக்தின்னு வேற விளக்கம் குடுத்துட்டேன், அப்பறம் அகராதியை எடுத்து பார்த்தா மானம் போச்சு. மேக்னட் பழைய கிரேக்க உலகத்துல மெக்னீசியாங்கற இடத்து பேர்லேர்ந்து வந்தது, அந்த இடத்து கல்லு. பணக்கார முதலாளி மேக்னேட், அவரு குடும்பம். மேக்னட் குடும்பம் இல்ல, எழுத்து பக்கத்துல பக்கத்துல இருக்கறதால எல்லாரும் ஏமாறுறோம். மேஜிக் பாரசீக பூசாரிங்க பேரு. மேகசின் அரபுல கிடங்கு, அதனால தான் தேசிய சேவையில துப்பாக்கிக்கு மாட்டுறதும் மேகசின், வாரப்பத்திரிகையும் மேகசின், இங்க மேகசின் ரோடுன்னு ஒரு ரோடே இருக்கு. இங்க இருக்கற மேக்ஸ்வெல் சாப்பாட்டுக்கடை? மாக்சிமம் வெல்லான்னு கேட்டான். இல்லடா, அது ஸ்காட்லாந்து ஊர் பேரு, மாக்கஸ்னு ஒருத்தரோட நீர்நிலை. தேசிய கீதம் மஜூலா சிங்கப்பூரா? அது மலாய் மாஜு, முன்னேறு. மேகி கோரெங்னு (வறுத்த மேகி நூடுல்ஸ்) கேட்டுட்டு அவனே சிரிச்சுட்டான், அது சுவிட்சர்லாந்துல ஜூலியஸ் மேகிங்கற ஆளோட வீட்டு பேரு, நூடுல்ஸ்ல மகா ஒண்ணும் இல்ல.

ஆனா யாரும் சந்தேகப்படாத இடத்துல ஒருத்தன் இருக்கான். மச். தேங்க் யூ வெரி மச்ல வர்ற மச். பழைய இங்கிலீஷ்ல அது மிச்செல் மாதிரி ஒரு வார்த்தை, பெரிய, நிறையன்னு அர்த்தம், அந்த எல் காலப்போக்குல உதிர்ந்து போச்சு. ஸ்காட்லாந்து பக்கம் மிக்கிள்னு இன்னும் முழுசா இருக்கு. லத்தீன்லேர்ந்தோ கிரேக்கத்துலேர்ந்தோ கடன் வாங்குனது இல்ல, இங்கிலீஷோட சொந்த வீட்டு பங்கு, மகாவுக்கு நேரடி பங்காளி. மத்தவன் எல்லாம் கோட்டு சூட்டோட இருக்க இவன் மட்டும் பனியனோட வாசல்ல உக்காந்திருக்கற மாதிரி இருக்கான்.

மணி ஒம்பது ஆயிடுச்சு, காப்பி அப்படியே ஆறி கெடக்குது. என் வீட்டுக்காரி டெஸ்டுக்கு அஞ்சு வார்த்தை தானே, அவன் இன்னும் அந்த பேப்பரை ஒரு தடவ கூட ஒப்பிக்கலன்னு அடுப்படியிலேர்ந்து ஒரு குரல் விட்டா, அது நியாயம் தான். பையன் மேக்னனிமஸுக்கு ஒரு வாக்கியம் எழுதணும்னு எழுதிக்கிட்டு இருந்தான், எட்டிப்பார்த்தேன், என் தாத்தா ஒரு சாஞ்ச செவுருக்கு தன் காசை குடுத்தாரு, அதனால அவரு மேக்னனிமஸ்னு இங்கிலீஷ்ல எழுதியிருக்கான். செவுருக்கு எதுக்குடா காசு குடுத்தாருன்னு கேட்டேன், மிஸ்ஸுக்கு புரியும்பான்னான்.

அம்மா அதுவரைக்கும் டிவி சத்தத்தை குறைச்சு வச்சு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு தான் இருந்திருக்காங்க. ஏண்டா, எங்க மேஸ்திரி கும்பகோணத்தை தாண்டி போனதே திருச்சி ஆஸ்பத்திரிக்கு தான், அவருக்கு ரோம்ல ஒரு பங்காளி, லண்டன்ல ஒரு பங்காளி, கோர்ட்டுல உக்காந்திருக்கவரு வேற சொந்தமா, இதெல்லாம் ரொம்ப டூ மச்சுடான்னாங்க.

பையன் பேப்பர்லேர்ந்து தலையை தூக்காமலே சொன்னான், அப்பாயி, அந்த மச்சும் அவரோட பங்காளி தான்.